குத்தாமல் கொடுத்த சீட்டு

உங்களில் ஒருவர்கூடப் பெரியம்மையைப் பார்த்திருக்க மாட்டீர்கள். இனிப் பார்க்கவும் போவதில்லை, நல்லது. ஆனால் இதனால் எங்களைப் போன்ற கிழடுகளுக்கு ஒரு வசதி வந்துவிட்டது. வெயிலில் சைக்கிள் மிதித்தோம், ஆற்றில் இறங்கினோம், ஊர் ஊராகப் போய்க் குத்தி அந்த நோயை விரட்டினோம் என்று அளந்துகொண்டே இருக்கலாம். மறுத்துப் பேச ஆள் இல்லை. புதிதாகச் சுகாதாரத் துறைக்கு வந்திருக்கும் நீங்களும் மரியாதைக்குத் தலையாட்டுவீர்கள். நான் அளக்க வரவில்லை. குத்தாமலேயே குத்தியதாக எழுதியவன் நான். அதைச் சொல்லிவிட்டுப் போகத்தான் இதை எழுதுகிறேன்.

ஐம்பதுகளின் கடைசி. திண்டுக்கல்லில் ஒரு ஓட்டுக் கட்டடத்தில் எங்கள் அலுவலகம். அம்மை குத்துகிறவர்கள் என்று எங்களுக்குப் பெயர். ஆளுக்குச் சில ஊர்கள் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். எனக்கு ரெட்டியார்சத்திரம் பக்கம். வேலை கேட்பதற்கு எளிது. அம்மைப்பால் என்கிற மருந்தைப் பிள்ளையின் மேல்கையில் ஒரு துளி வைத்து ஊசியால் கீற வேண்டும். ஒரு வாரம் கழித்து அதே வீட்டுக்குப் போய்க் கொப்புளம் எழும்பியிருக்கிறதா என்று பார்க்க வேண்டும். எழும்பியிருந்தால் மருந்து பிடித்துக்கொண்டது என்று அர்த்தம். பெயரைப் பதிவேட்டில் ஏற்றி, வீட்டாருக்கு ஒரு சீட்டு எழுதிக் கொடுக்கலாம். எழும்பாவிட்டால் மறுபடி குத்த வேண்டும். பால் வெயில் பட்டால் கெட்டுவிடும், ஆகவே பாதி குத்து வீணாகத்தான் போகும்.

மக்களுக்கு எங்களைக் கண்டாலே ஆகாது. அம்மை அவர்களுக்கு நோய் இல்லை. தாய் வந்து இறங்குவது. தாயைத் தடுக்க ஊசியோடு வருகிறவனை யார் உட்காரச் சொல்வார்கள்? எங்கள் சைக்கிளைக் கண்டதும் பிள்ளைகளைச் சோளத் தட்டைப் படப்புக்குள் ஒளித்துவிடுவார்கள். நாயை அவிழ்த்துவிட்ட வீடுகளும் உண்டு.

இப்படிப்பட்ட வேலையில் எங்கள் அலுவலகத்தில் ஒருவர் மட்டும் ராஜாவாக இருந்தார். தங்கராசு என்று வைத்துக்கொள்ளுங்கள். என்னைவிடப் பத்து வருடம் மூத்தவர். மாதா மாதம் அவருடைய கணக்கு மட்டும் நூற்றுக்கு நூறு. சாயங்காலம் அலுவலகத்துக்குத் திரும்பும்போது அவர் சைக்கிளில் இரண்டு கோழிகளாவது தலைகீழாகத் தொங்கும். எப்படி என்று எல்லாருக்கும் தெரியும். வீட்டுக்குள் போவார், பெட்டியைத் திறப்பார், ஊசியை வெளியே எடுத்து வெளிச்சத்தில் பிடித்துப் பார்ப்பார். பிள்ளை வீறிடும். தாய் காலில் விழுவாள். செத்த நேரம் யோசிப்பதுபோல நின்றுவிட்டு, "சரி, அழாத தாயி. குத்தல. ஆனா குத்துனதா எழுதிக்கிறேன். யாரு வந்து கேட்டாலும் குத்தியாச்சுன்னு சொல்லணும்" என்பார். கோழி தானாக வந்து சேரும். மேலே இருந்து யாராவது சோதிக்க வந்தால், சின்ன வயதில் எப்போதோ குத்திக்கொண்டு தழும்போடு இருக்கிற பெரியவர்களை வரிசையில் முன்னால் நிறுத்திவிடுவார்.

ஊருக்கு அவர் நல்லவர். அலுவலகத்துக்கு அவர் வல்லவர். நாங்கள் சிரிப்போம். அதை அநியாயம் என்று நாங்கள் யாரும் வாய்விட்டுச் சொன்னதில்லை.

சூசை சொல்லியிருக்க வேண்டும், ஆனால் அவன் எதையும் சொல்கிறவன் இல்லை. எனக்கு இரண்டு வருடம் பின்னால் வேலைக்கு வந்தவன். திண்டுக்கல்லுக்குப் பக்கத்தில் ஒரு வேதக்கார ஊர், எல்லாரும் கிறிஸ்தவர்கள். கறுத்து மெலிந்து, பேசினால் தரையைப் பார்த்துப் பேசுவான். பால் வெயில் படாமல் இருக்க ஈரத்துணி சுற்றிய சின்ன மண் கலயத்தில் வைத்து, விடிந்தும் விடியாமலும் புறப்பட்டு, வெயில் ஏறுவதற்குள் வேலையை முடித்துவிடுவான். எந்த ஊருக்குப் போனாலும் முதலில் மாரியம்மன் கோயில் முன்னால் செருப்பைக் கழற்றிவிட்டு நிற்பான். ஒருநாள் நான் கிண்டலாகக் கேட்டேன்.

"ஏம்ப்பா சூசை, வேதக்காரன் நீ. மாரியாத்தா முன்னால நின்னு என்னத்த முணுமுணுக்குற?"

"ஒண்ணுமில்லண்ணே. அவுக பிள்ளைகளத் தொடப் போறோம். வீட்டுக்காரவுகட்ட ஒரு வார்த்த சொல்லிட்டு உள்ள போறதுதான மொற."

"ஒங்க சாமியாருக்குத் தெரிஞ்சா வைய மாட்டாரா?"

"வைவாருண்ணே. வையட்டும். மாதாட்ட நான் சொல்லிக்கிறேன்."

நான் இதை அலுவலகத்தில் சொல்லி எல்லாரையும் சிரிக்க வைத்தேன். சூசையின் கணக்கு எப்போதும் பாதியில் நிற்கும். கொப்புளம் எழும்பாத பிள்ளையின் பெயருக்கு நேரே 'பிடிக்கவில்லை' என்று அவனே எழுதிவைப்பான். மறுபடி போய்க் குத்துவான். வேலையில் அக்கறை இல்லை என்று அவனுக்கு மெமோ மேல் மெமோ வந்தது. மெமோவை மடித்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டு அடுத்த ஊருக்குப் போய்விடுவான்.

அந்த வருடம் ஐப்பசியில் சென்னையிலிருந்து ஒரு பெரிய அதிகாரி வந்தார். கூட்டம் போட்டு, மாலை போட்டு, தங்கராசுவின் கையில் ஒரு கைக்கடிகாரத்தைக் கட்டினார். அதே மேடைக்குக் கீழே சூசையை நிறுத்தி, "இவரைப் பார்த்துக் கத்துக்கோ" என்றார். நான் எங்கே பார்த்தேன் தெரியுமா? கடிகாரத்தைப் பார்த்தேன். எனக்கு வயிறு எரிந்தது. சூசைக்காக எரிந்திருந்தால் நான் மனுஷன். எனக்குக் கிடைக்கவில்லையே என்றுதான் எரிந்தது.

இது நடந்து இரண்டு நாள் கழித்து நான் குடகனாற்றுக் கரையில் நின்றேன். ஆற்றில் செந்தண்ணீர் சுழித்துக்கொண்டு போகிறது. அக்கரையில் பதினைந்து வீடுகள் உள்ள ஒரு சிற்றூர். பெயரைச் சொல்ல மாட்டேன்; அந்த ஆட்களின் பிள்ளைகள் இன்னும் அங்கே இருக்கிறார்கள். பக்கத்துத் தாலுகாவில் அம்மை என்று பேச்சு அடிபட்டதால், சீட்டு இல்லாத பிள்ளைகள் வர வேண்டாம் என்று பள்ளிக்கூடத்து வாத்தியார் சொல்லியிருந்தார். அதனால் என் பகுதியிலேயே அந்த ஒரு ஊர்தான் குத்திக்கொள்ளத் தயாராக என்னை எதிர்பார்த்து நின்றது. என்னைக் கண்டதும் ஒருவன் கழுத்தளவுத் தண்ணீரில் இறங்கி இக்கரைக்கு வந்தான். மாயன் என்று பெயர். கத்தரித் தோட்டத்தில் கூலி வேலை.

"அய்யா, தோள்ல ஏறி ஒக்காருங்க. நான் தூக்கிட்டுப் போறேன். பிள்ளைகள எல்லாம் குளிப்பாட்டி நிப்பாட்டி வச்சிருக்கோம்."

நான் தண்ணீரைப் பார்த்தேன். எனக்குப் பயம். பயம்கூடப் பரவாயில்லை, நாளைக்கு வருகிறேன் என்று திரும்பியிருக்கலாம். என் புத்தி தங்கராசு வழியில் போயிற்று. அக்கரைப் பிள்ளைகளின் பெயர்களை மாயன் வாயால் சொல்லச் சொல்லிப் பதிவேட்டில் எழுதிக்கொண்டேன். அத்தனை பேருக்கும் சீட்டும் எழுதினேன்.

"தண்ணி வடிஞ்சதும் வந்து குத்துறேன். அதுவரைக்கும் இந்தச் சீட்டு வீட்டுல இருந்தாப் போதும். ஒண்ணும் பயமில்ல" என்றேன்.

வாத்தியார் ஒன்றும் சொல்ல மாட்டார் என்கிற அர்த்தத்தில்தான் சொன்னேன். மாயன் சீட்டுகளை நனையாமல் தலைப்பாகைக்குள் வைத்து, ஒரு கையால் தலையைப் பிடித்துக்கொண்டே ஆற்றைக் கடந்தான். கரையேறியதும் அங்கிருந்து இரண்டு கையையும் தூக்கிக் காட்டினான்.

தண்ணீர் நாலு நாளில் வடிந்தது. நான் போகவில்லை. ஏன் போக வேண்டும்? பெயர்கள்தான் ஏற்கெனவே பதிவேட்டில் ஏறிவிட்டனவே. அங்கே போனால் ஒரு நாள் வீண். வேறு ஊருக்குப் போனால் புதிய பெயர்கள் கிடைக்கும். நான் அப்படித்தான் யோசித்தேன். இதை எழுதும்போதுகூட நானா அப்படி யோசித்தேன் என்று எனக்குத் திக்கென்கிறது. அந்த மாதம் என் கணக்கைப் பார்த்து அலுவலகத்தில் என்னைப் பாராட்டினார்கள். தங்கராசு என் தோளில் தட்டி, "தம்பி தேறிட்டான்" என்றார். எனக்கு அன்றைக்கு இரண்டு வேளையும் நன்றாகப் பசித்தது.

பங்குனியில் அம்மை வந்தது.

அய்யலூர் சந்தைக்கு வந்துபோன வெளியூர் ஆட்டு வியாபாரி ஒருவனோடு வந்தது என்று சொன்னார்கள். முதலில் தங்கராசுவின் ஊர் ஒன்றில் எட்டு வீட்டில் வேப்பிலை சொருகிவிட்டார்கள். மதுரையிலிருந்து ஹெல்த் ஆபீசர் ஜீப்பில் வந்து எங்கள் எல்லாரையும் கூப்பிட்டு உட்கார வைத்தார். மேசை முழுக்கப் பதிவேடுகள். ஐஸ் பெட்டியில் வந்த பால் கொஞ்சம்தான் இருந்தது. அடுத்த பெட்டி வர நாலைந்து நாள் ஆகும். எந்தெந்த ஊரில் இன்னும் குத்தவில்லையோ அங்கே முதலில் போக வேண்டும் என்றார். குத்தி முடித்த ஊர்களை ஒவ்வொன்றாக நீலப் பென்சிலால் அடித்துக்கொண்டே வந்தார்.

என் சிற்றூரின் பெயரில் பென்சில் நின்றது. அந்த ஊர் ஆட்கள் அம்மை கண்ட பக்கத்துக்குக் கூலிக்குப் போய் வருகிறவர்கள் என்று அவருக்கு யாரோ சொல்லியிருந்தார்கள்.

"இங்க எல்லாப் பிள்ளைகளுக்கும் குத்தியாச்சு. சரிதானே?" என்று என்னைப் பார்த்தார்.

உங்களில் யாருக்காவது இப்படி ஒரு கணம் வரும். அப்போது என்ன தோன்றும் என்று சொல்கிறேன். பிள்ளைகள் முகம் தோன்றாது. வீட்டு வாடகை, வேலை, பெண் பார்த்து வைத்திருக்கிற இடத்தில் என்ன சொல்வார்கள் என்பதுதான் தோன்றும். தங்கராசு மேசைக்கு அடியில் என் முழங்காலை அழுத்தினார்.

"ஆமா சார்" என்றேன். அவர் அந்தப் பெயரை அடித்தார்.

பட்டியலில் தங்கராசுவின் ஊர் வந்தபோது ஆபீசர் நெற்றியைச் சுருக்கினார். "முழுக்கக் குத்துன ஊர்ல எட்டு வீட்டுல எப்படிய்யா வரும்?"

"வெளியூர் ஆளுக சார். எதுக்கும் நான் இன்னொரு தரம் குத்திர்றேன்" என்றார் தங்கராசு. குரல் சற்றும் பிசிறவில்லை. ஆபீசர் என்னையும் அவரோடு துணைக்குப் போகச் சொன்னார். மத்தியானம் இரண்டு பேரும் புறப்பட்டோம்.

வழியெல்லாம் தங்கராசு சைக்கிளை விரட்டி மிதித்தார். அவருக்கும் பயம் வந்துவிட்டது. அன்றைக்கு அவர் உண்மையாகவே குத்தத்தான் போனார், அதை நான் சத்தியம் செய்து சொல்வேன். முதல் வீட்டில் ஒரு பெண் கதவைத் திறந்தாள். அவரைப் பார்த்ததும் முகம் மலர்ந்து, "வந்துட்டீகளா, இருங்க" என்று கொல்லைப் பக்கம் ஓடினாள். கையில் ஒரு கோழியோடு திரும்பி வந்தாள்.

"கோழி வேணாம் தாயி. பிள்ளையக் கொண்டா. இன்னைக்கு நெசமாவே குத்தணும்."

அவளுக்குப் புரியவில்லை. "வெடக்கோழிதான் இருக்கு. பத்தாதா? முட்டை வேணா நாலு தாரேன்."

"ஊருக்குள்ள அம்மை வந்திருக்கு தாயி! பிள்ளை செத்துப்போகும்! கொண்டா!"

குரலை உயர்த்தியதும் அவள் முகம் மாறிவிட்டது. கோழியை வாசல்படியில் வைத்துவிட்டுக் கதவைச் சாத்தித் தாழ் போட்டாள். அடுத்த வீட்டிலும் அதுதான். அதற்கு அடுத்த வீட்டில் நாங்கள் போவதற்கு முன்பே கோழியின் காலைக் கட்டி வாசலில் போட்டுவிட்டுக் கதவை அடைத்திருந்தார்கள். தெரு நெடுக அப்படி. தங்கராசு ஒவ்வொரு கதவாகத் தட்டினார். கும்பிட்டார். கடைசியில் அழுதார். கால் கட்டிய கோழிகள் வாசல் தோறும் கிடந்து இறக்கையை அடித்துக்கொண்டன. நான் தெரு நடுவில் நின்றேன்.

வேப்பிலை சொருகிய ஒரு வீட்டிலிருந்து ஒரு முதியவர் வெளியே வந்தார். உள்ளே யாரோ முனகுவது கேட்டது. அவர் தங்கராசுவைப் பார்த்துக் கைகூப்பி, "அழாதீக. ஒங்க புண்ணியத்துல எங்க ஊருல ஒரு பிள்ளை மேலயும் ஊசி படல. தாயி நெறஞ்ச மனசோட வந்திருக்கா" என்றார்.

தங்கராசு அப்படியே மண்ணில் உட்கார்ந்துவிட்டார். அவர் கையில் அந்தக் கடிகாரம் ஓடிக்கொண்டிருந்தது. ஆறு மாதம்கூட ஆகவில்லை. நான் ஆசைப்பட்டு வயிறு எரிந்த மனிதர் இவர்தானா என்று அதிர்ந்து போனேன். அவரைத் திட்டியிருந்தால், கல்லால் அடித்திருந்தால்கூட நான் இவ்வளவு கலங்கியிருக்க மாட்டேன். அந்த ஊரில் எத்தனை பேர் போனார்கள் என்று நான் எழுதப் போவதில்லை.

அங்கிருந்து நேராக சூசையைத் தேடிப் போனேன். அவன் அலுவலகத்துப் பின்புறம் கலயத்தைச் சுற்றிய துணியை நனைத்துக்கொண்டிருந்தான். பதிவேட்டில் குறை அதிகம் என்பதால் அவனுக்குத்தான் அன்றைக்குப் பால் அதிகம் கொடுத்திருந்தார்கள். நான் எல்லாவற்றையும் சொன்னேன். ஆறு, மாயன், சீட்டு, காலையில் சொன்ன 'ஆமா சார்', எல்லாம். திட்டுவான் என்று நினைத்தேன். அவன் துணியைப் பிழிந்து வைத்துவிட்டு நிமிர்ந்தான், அவ்வளவுதான்.

"எத்தன பிள்ளைகண்ணே?"

"இருபத்து மூணு."

"எம் பங்குல பாதி தாரேன். விடியக் கெளம்புவோம். ஆபீசர்ட்ட என்ன சொல்றதுங்கறத வழியில யோசிங்க."

மறுநாள் ஆற்றில் தண்ணீர் இல்லை. மணலில் சைக்கிளைத் தள்ளிக்கொண்டு நடந்தே போய்விட்டோம். இவ்வளவு பக்கமா இந்த ஊர் என்று எனக்கு வெட்கமாக இருந்தது. உள்ளே நுழைந்ததும் முதல் வீட்டு நிலையில் வேப்பிலை. ஐப்பசிக்கு அப்புறம் பிறந்த ஒரு கைப்பிள்ளைக்கு அம்மை போட்டிருந்தது. ஊர் ஆட்கள் எங்களை வழிமறித்தார்கள். தாய் ஊருக்குள் இருக்கும்போது வெளி ஆள் வரக்கூடாது, இரும்பு எடுக்கக்கூடாது. அதோடு இன்னொன்றும் சொன்னார்கள்.

"எங்களுக்கு ஒண்ணும் வேணாம். எங்க வீடுகள்லதான் சீட்டு இருக்கே" என்றான் ஒருவன்.

கூட்டத்திலிருந்து ஒரு பெண் முன்னால் வந்தாள். மாயனின் மனைவி செல்லாயி. இடுப்பில் ஆறு வயதுப் பெண் பிள்ளை, தாயின் தோளில் தலை சாய்த்துக் கிடந்தது. அதன் மேல்கையில், நான் குத்தியிருக்க வேண்டிய அதே இடத்தில், மஞ்சள் துணியில் எதையோ சுற்றிக் கட்டியிருந்தார்கள்.

"நீங்க குடுத்ததுதான்யா. சீட்டு வீட்டுல இருந்தா பயமில்லன்னீகளாம். வீட்டுல வச்சா எலி கடிக்கும்னு கையிலயே கட்டிட்டேன். மத்தவுகளுக்கெல்லாம் அந்தக் கைப்பிள்ளை வீட்டுக்குள்ள போகப் பயம். நமக்கென்ன பயம்னு நாந்தான் போயி கஞ்சி காச்சிக் குடுத்தேன். இவளும் கூடவே வருவா. இப்பத்தான் ரெண்டு நாளா இவளுக்கு ஒடம்பு காயுது. வெயில் காச்சலாத்தான் இருக்கும், இல்லய்யா?"

நான் அந்தப் பிள்ளையின் நெற்றியைத் தொட்டேன். கொதித்தது. உதட்டுக்குள் சிவப்பாகப் பொடிப் பொடியாக எழும்பியிருந்ததைப் பார்த்தேன். அவள் இன்னும் என் வாயையே பார்த்துக்கொண்டிருந்தாள். வெயில் காய்ச்சல் என்று நான் சொல்லிவிட்டால் அது வெயில் காய்ச்சலாகிவிடும் என்று அவள் நம்பினாள். நான் பெட்டியைக் கீழே வைத்துவிட்டு சூசையைத் திரும்பிப் பார்த்தேன்.

வேலை நடந்தது சூசையால். அவன் சட்டையையும் செருப்பையும் கழற்றி வைத்துவிட்டு, வேப்பிலை சொருகிய வீட்டின் வாசலுக்கு நேரே வெயிலில் மண்டியிட்டான். எல்லாருக்கும் கேட்கும்படித்தான், ஆனால் யாருக்காகவும் இல்லாமல் சொன்னான்: "தாயி, நீ வந்திருக்க. நான் ஒன்னய எதுக்க வரல. எனக்கு அம்புட்டுத் தெம்பும் இல்ல. மத்த பிள்ளைக பிஞ்சுக, தாங்காதுக. அதுகளத் தொட எனக்கு உத்தரவு குடு." அப்புறம் அவன் எழுந்திருக்கவே இல்லை. நெஞ்சில் சிலுவை போட்டுக்கொண்டதையும் பார்த்தார்கள். யாரும் அவனை விரட்டவில்லை. வெயில் ஏறி, அவன் முதுகில் வேர்வை வழிந்தது. இது வேஷமோ என்று பார்க்கிற கண் எனக்கு இருந்தது. ஐந்து வருடம் அவனைக் கேலி செய்த கண். வேஷம் இல்லை. கடைசியில் அந்த வீட்டுப் பெரியவர் வெளியே வந்து, "கேட்டவன் மொறையாக் கேட்டுட்டான். குத்தட்டும்" என்றார்.

இருபத்திரண்டு பிள்ளைகளுக்குக் குத்தினோம். செல்லாயியின் பிள்ளைக்கும் குத்தினேன், காலம் கடந்துவிட்டது என்று தெரிந்தே. ஒரு வாரம் சூசையும் நானும் மாறி மாறி அங்கே போனோம். இருபத்திரண்டு பேரும் தப்பினார்கள். முதல் வீட்டுக் கைப்பிள்ளைகூட முகமெல்லாம் தழும்போடு பிழைத்துவிட்டது. செல்லாயியின் மகள் ஒன்பதாம் நாள் இறந்து போனாள்.

அந்தச் சிற்றூரிலிருந்து திரும்பிய முதல் நாளே ஹெல்த் ஆபீசரிடம் எழுதிக் கொடுத்துவிட்டேன். அவர் படித்துவிட்டுக் கண்ணாடியைக் கழற்றி மேசையில் வைத்தார். தங்கராசுவின் ஊர்களில் சட்டைக் கையைத் தூக்கிப் பார்க்கச் சொன்னார். தெருத் தெருவாகத் தழும்பே இல்லை. தங்கராசுவுக்கு வேலை போயிற்று. எனக்கு ஆறு மாதம் சஸ்பெண்ட், பிறகு பழையபடி அடியிலிருந்து. அவருக்குக் கதவை அடைத்த வீடுகளைத் திறக்க வைக்க சூசையைத்தான் அனுப்பினார்கள். அவனுக்குத் திறந்தார்கள். அதற்காக அவனை யாரும் மேடையில் ஏற்றவில்லை; கடைசிவரை அம்மை குத்துகிறவனாகவே இருந்து ஓய்வு பெற்றான். அவனுக்கு அதில் குறையும் இருந்ததாகத் தெரியவில்லை.

உங்களுக்கும் மாதம் இத்தனை என்று இலக்கு இருக்கிறது. எழுதி ஒப்பேற்றுகிறவன் முன்னால் போவதையும் பார்ப்பீர்கள், வயிறு எரியும். அவன் எத்தனை நாள் நிற்பான் என்று ஆராய வேண்டாம். நீங்கள் எழுதும் பொய் எங்கே போய் யார் தலையில் விடிகிறது என்பதை மட்டும் கேளுங்கள். எனக்கு அது ஆபீசர் முன்னால் தெரியவில்லை. இரண்டு மாதம் கழித்துத்தான் தெரிந்தது.

சூசைதான் என்னைப் போகச் சொன்னான். "ஆபீசர்ட்ட சொன்னீக. அந்தம்மாட்ட இன்னும் சொல்லலயேண்ணே" என்றான். எனக்குக் கோபம் வந்தது. செத்த பிள்ளையைத் திருப்பித் தரவா முடியும், புண்ணைக் கிளறி என்ன ஆகப் போகிறது என்று சத்தம் போட்டேன். அவன் தரையைப் பார்த்துக்கொண்டு நின்றான். மறுநாள் நான் தனியாகப் போனேன்.

செல்லாயி வாசலில் கால் நீட்டி உட்கார்ந்திருந்தாள். எண்ணெய் காணாத தலை. கண்டதும் எழுந்து முந்தானையை இழுத்துவிட்டாள். நான் நின்றபடியே சொன்னேன். "அந்தச் சீட்டுல ஒண்ணும் இல்லம்மா. ஊசி போட்டாத்தான் அம்மை வராது. நான் ஆத்துக்குப் பயந்துக்கிட்டுப் போடாமலே போட்டதா எழுதிட்டேன். தண்ணி வடிஞ்சும் வரல. அதுனாலதான் ஒங்க பிள்ளை போச்சு."

அடிப்பாள் என்று எதிர்பார்த்தேன். அடிக்க வேண்டும் என்றே வேண்டிக்கொண்டேன்.

"அப்ப... தாயி எங்க மேல கோவப்படலயாய்யா?"

எனக்கு விளங்கவில்லை.

"ஊருல அம்புட்டுப் பிள்ளையும் பொழச்சிருச்சு. எம்பிள்ளை மட்டும் போயிருச்சு. எங்க வீட்டுலதான் என்னமோ குத்தம் நடந்திருக்குன்னு ஊரே சொல்லுது. வீட்டுல தாயி இருக்கயில தாளிச்சேனா, தீட்டோட வெளக்கத் தொட்டேனான்னு ரெண்டு மாசமா யோசிச்சுப் பாக்குறேன்யா. ஒண்ணும் தட்டுப்படல. கோயிலுக்குப் போகவே பயமா இருக்கு. எம்பிள்ளைய நானே கொன்னுட்டேனோன்னு..."

என் பொய் அந்தப் பிள்ளையோடு முடிந்துவிட்டது என்று நான் நினைத்துக்கொண்டிருந்தேன். ஆபீசரிடம் எழுதிக் கொடுத்து, தண்டனையை வாங்கி, தீர்த்துவிட்டதாக எண்ணி வீட்டில் உட்கார்ந்திருந்தேன். இங்கே ஒரு தாய் என் குற்றத்தைத் தன் குற்றம் என்று எடுத்துக்கொண்டு, அடுப்படியிலும் விளக்கடியிலும் அதைத் தேடிக்கொண்டிருந்திருக்கிறாள்.

"நீங்க ஒரு குத்தமும் பண்ணலம்மா. தாயி மேலயும் குத்தம் இல்ல. எம்மேலதான்."

அவள் சட்டென்று எழுந்தாள். கொல்லைப் பக்கம் திரும்பிக் குரல் கொடுத்தாள். அந்தக் குரலில் இருந்தது சந்தோஷம். சத்தியமாகச் சொல்கிறேன், சந்தோஷம்தான்.

"இந்தாங்க, இங்க ஓடி வாங்க! தாயி நம்மளக் கோவிக்கலயாம்! அய்யா சொல்றாக, நம்ம ஒரு குத்தமும் பண்ணலயாம்!"

மாயன் கையில் மண்ணோடு ஓடி வந்தான். அவளையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். அவள் அழுதுகொண்டே எல்லாவற்றையும் சொன்னாள், நான் ஆற்றுக்குப் பயந்ததையும், குத்தாமல் எழுதியதையும், எதையும் மறைக்காமல். அவன் முழுக்கக் கேட்டான். கேட்டு முடித்துவிட்டு, கண்ணைத் துடைத்துக்கொண்டு, என்னைப் பார்த்துக் கும்பிட்டான்.